முடிவைப் பார்க்காமல் தீர்ப்பு

திருமலைக்கு ஒரே நாளில் 60,000 பேருக்கு மேல் ஏறிப்போவது சர்வசாதாரணம். விடுமுறை, புரட்டாசி சனிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி என்றால் கேட்கவே வேண்டாம். இலவச தரிசனத்துக்கு வந்தவர்கள் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸின் கம்பார்ட்மென்ட்களில் பத்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேல், குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் இடம் விட்டுக் கொடுக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சேர்ந்து கோவிந்தா போடுகிறார்கள். 2025 ஜனவரி 8 அன்று ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதி நகரில் திரண்ட கூட்டம் நெரிசலாகி ஆறு பேர் இறந்தார்கள். கூட்டத்துக்குள் மனிதர் மனம் எப்படி இயங்குகிறது என்று படிக்க விரும்பும் உளவியலாளருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் அதிகம் இல்லை. மலையடிவாரத்திலேயே 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உளவியல் துறை ஒன்றும் பெயரில்லாத துறை அல்ல. முதுமையின் உளவியலை இந்தியாவில் தொடக்கத்திலேயே விடாமல் ஆராய்ந்த பி.வி. ராமமூர்த்தி அங்கே இருந்தவர்தான். ஆனால் அடிவாரத்தில் எழும் ஒரு கேள்வி உளவியல் ஆய்விதழ் ஒன்றின் பக்கத்தில் அச்சாவதற்குள் என்னென்ன ஆகிறது என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

கூட்ட உளவியலில் இந்திய யாத்திரை ஒன்று உலக அளவில் பேசப்பட்டது உண்டு. அலகாபாத் மாக மேளாவுக்கு வந்து ஒரு மாதம் ஆற்றங்கரையில் தங்கும் கல்பவாசிகள் 416 பேரையும், ஊரிலேயே இருந்துவிட்ட 127 பேரையும், மேளாவுக்கு முன்பும் பின்பும் கேள்வி கேட்டு ஒப்பிட்டார்கள். குளிர், இரைச்சல், நெருக்கடி எல்லாம் இருந்தும் போய் வந்தவர்களின் நலவுணர்வு கூடியிருந்தது. இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2012இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. இப்போது ஒரு கற்பனை: திருப்பதியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஒரு மாணவி, திருமலை வரிசையில் நீண்ட நேரம் காத்திருப்பவர்களுக்கு அருகில் இருப்பவர்மேல் நெருக்கவுணர்வு கூடுமா என்று ஆராய்கிறார். தேவஸ்தானத்திடம் அனுமதி வாங்கி, ஒரு வருடம் அலைந்து, தரவு சேர்க்கிறார். கணக்குப் போட்டால் காத்த நேரத்துக்கும் நெருக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று வருகிறது. இந்தக் கட்டுரையை எந்த இதழ் எடுத்துக்கொள்ளும்?

இதழுக்குக் கட்டுரை அனுப்புவது தபால்பெட்டியில் போடுகிற வேலை அல்ல. பெயரை மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால் முதலில் இரண்டு கோப்பு தயாராக வேண்டும். ஒன்றில் பெயர், துறை, ஊர், முகவரி. மற்றதில் அந்த அடையாளம் ஒரு துளியும் இருக்கக் கூடாது. கட்டுரைக்குள் ‘எங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘தென்னிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் குழு’ என்று மாற்ற வேண்டும். (மொட்டையும் லட்டும் கம்பார்ட்மென்ட்டும் கட்டுரைக்குள் இருக்கும்போது ஊரை எப்படி மறைப்பது என்பது வேறு கதை.) 250 சொல்லுக்குள் சுருக்கம், கையெழுத்திட்ட நெறிமுறை அனுமதி, பிரதி ஒற்றுமை அறிக்கை, ஆசிரியருக்கு ஒரு கடிதம் எல்லாம் சேர்த்து இணையதளத்தில் ஏற்றினால் முதலில் ஆசிரியர் பார்ப்பார். கணிசமானவை அங்கேயே திரும்பிவிடும். ‘எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை’ என்று இரண்டு வரி. தப்பியவை இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, அவசரமும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்தால் எண் போட்ட குறிப்புகளோடு பதில் வரும்: மாதிரி சிறியது, அளவுகோல் சரிபார்க்கப்படவில்லை, இந்த மாறியை ஏன் விட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் திருத்தினோம் என்று அட்டவணை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆய்வு மாணவர்கள் ‘பேப்பர் போடுவது’ என்று சுருக்கமாகச் சொல்வதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையாகத் தெரிவது கண்டிப்பு அல்ல. கண்டிப்பு வேண்டியதுதான். தீர்ப்பு எப்போது சொல்லப்படுகிறது என்பதுதான் கோளாறு. ஆய்வு முடிந்து, விடை தெரிந்த பிறகுதான் மதிப்பீட்டாளர் கையில் கட்டுரை போகிறது. விடை சுவாரசியமாக இருந்தால் முறையின் ஓட்டை கண்ணில் படுவதில்லை. சப்பென்று இருந்தால் சின்ன ஓட்டையும் பெரிதாகிவிடுகிறது. இது வெறும் சந்தேகம் இல்லை. 1959இலேயே ஸ்டெர்லிங் என்பவர் நான்கு உளவியல் இதழ்களைப் புரட்டிப் பார்த்து, புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் 97 சதவீதம் எதிர்பார்த்த தொடர்பு ‘இருக்கிறது’ என்றே முடிந்ததைக் காட்டினார். எல்லா உளவியலாளரும் எப்போதும் சரியாகவே ஊகிக்கிறார்கள் என்று நம்ப முடியாது. ‘இல்லை’ என்று வந்தவை மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன என்பதுதான் பொருள். அதற்கு ‘இழுப்பறைச் சிக்கல்’ என்றே 1979இல் ரோசன்தால் பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி, இழுப்பறை மூடவில்லை. 2011இல் டேரில் பெம் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடியும் என்று ஒன்பது சோதனைகளோடு எழுதிய கட்டுரையைத் துறையின் முன்னணி இதழ் ஒன்று வெளியிட்டது. அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அனுப்பியபோது, மறுசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று அதே இதழ் திருப்பிவிட்டது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டவர் கூடித் திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் ‘இருக்கிறது’ என்றவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறியது.

நம் மாணவிக்கு வருவோம். தொடர்பு இல்லை என்ற முடிவோடு அனுப்பினால் திரும்பிவரும் என்பது கைடுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போது ஒரு யோசனை தோன்றும். பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால்? நடந்து மலையேறியவர்களை மட்டும் பார்த்தால்? முதல்முறை வந்தவர்கள்? இப்படி இருபது விதமாக வெட்டிப் பார்த்தால், தொடர்பே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பைக் குறிக்கும் பி மதிப்பு, ஏதாவது ஒன்றில் 0.05க்குக் கீழே வந்துவிட வாய்ப்பு அதிகம். சோதனையின் கணக்கே அப்படி, சராசரியாக இருபதில் ஒன்று தற்செயலாக விழும். பிறகு கட்டுரையின் தொடக்கத்தில் போய், முதல்முறை வரும் நடைபயணப் பெண்களிடம் இது அதிகம் இருக்கும் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம் என்று எழுதிவிடலாம். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே வினாத்தாள் தயாரிப்பது மாதிரி. பொய்த் தரவு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியது மெய்யும் இல்லை. இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இதழ்கள் எதற்குப் பரிசு கொடுக்கின்றனவோ அதைத்தான் கொண்டுவருகிறார்கள்.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய ஆய்வாளரே’ என்று மின்னஞ்சல் வரும். 48 மணி நேரத்தில் ஏற்பு, இரண்டாயிரம் ரூபாய் கட்டணம், சான்றிதழ் இலவசம். அது போதாது என்றால் வாட்ஸ்அப்பிலும் வரும். 2014இல் மட்டும் இப்படிப்பட்ட இதழ்களில் 4,20,000 கட்டுரைகள் வந்திருக்கும் என்று ஷென், பியோர்க் என்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எழுதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று ஹைதராபாதைச் சேர்ந்த ஓமிக்ஸ். அதன்மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சும்மா இருக்கவில்லை. 2017இல் அங்கீகரித்த இதழ்கள் என்று 38,000க்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிட்டது. பூஷண் பட்வர்தன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியிலிருந்து 1,009 இதழ்களை எடுத்துச் சோதித்தபோது 88 சதவீதம் தகுதியற்றவை என்று தெரிந்தது. 4,305 இதழ்களை நீக்கினார்கள். 2019இல் கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள இதழ்களின் பெயரிலேயே போலித் தளங்கள் முளைத்தன. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எந்த இதழ் நல்லது என்பதை இனி அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பட்டியல் போட்டுத் தரத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு எட்டு வருட அத்தாட்சி இது. இதழின் பெயரைச் சோதிக்கலாம். கட்டுரைக்குள் இருப்பதை அது சோதிக்காது.

தீர்ப்பின் நேரத்தை மாற்றுவதுதான் வழி என்று நினைக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2013இல் கார்டெக்ஸ் என்ற இதழில் கிறிஸ் சேம்பர்ஸ் முயற்சியால் தொடங்கியது. ‘ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்’ என்கிறார்கள். முன்பதிவுக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் தரவு சேர்ப்பதற்கு முன்பே கேள்வி, எதிர்பார்ப்பு, முறை, கணக்கிடும் விதம் மட்டும் எழுதி அனுப்புவார். மதிப்பீட்டாளர்கள் அதைத்தான் கிழிப்பார்கள், திருத்துவார்கள். திருப்தியானால் இதழ் எழுத்தில் வாக்குக் கொடுக்கும்: சொன்னபடி செய்தால், விடை எதுவானாலும் வெளியிடுகிறோம். பிறகுதான் களத்துக்குப் போவது. விளைவு என்ன? 2021இல் ஷீல், ஷெய்யென், லாக்கென்ஸ் மூவரும் உளவியலில் வழக்கமான கட்டுரைகளையும் முன்பதிவுக் கட்டுரைகளையும் ஒப்பிட்டார்கள். வழக்கமானவற்றில் 96 சதவீதத்தில் எதிர்பார்ப்பு பலித்திருந்தது. முன்பதிவில் 44 சதவீதம்தான். 1959இன் 97, 2021இன் 96. அறுபது வருடமாக அசையாத எண், தீர்ப்பின் நேரத்தை மாற்றியதும் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. திருப்பதி மாதிரி ஊரிலிருந்து போகும் கட்டுரைகள் விடை சப்பென்று இருப்பதாலா திரும்புகின்றன? தரம் போதாமல்தானே? சொந்தக் கல்லூரியின் பி.எட். மாணவர்கள் 120 பேரிடம் அமெரிக்கக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, ஆண் பெண் வித்தியாசம், கிராமம் நகரம் வித்தியாசம் என்று கணக்குப் போட்ட கட்டுரைகள் குவிந்து கிடப்பது உண்மைதானே? உண்மைதான். இழுப்பறைச் சிக்கலைக் காட்டி அந்தக் குறையை மூடிவிட முடியாது. ஆனால் அந்தக் குறை எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். சித்தூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1911 வரை வட ஆற்காட்டில் இருந்த பகுதிகள் நிறைய இதில் அடக்கம். நகரி பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடையில் இரண்டும். அவர்களிடம் மனச்சோர்வு அளவிட வேண்டும் என்றால் கேள்வித்தாள் இரண்டு மொழியிலும் வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு தமிழில் 20 மதிப்பெண் என்பதும் தெலுங்கில் 20 என்பதும் ஒரே அளவு சோர்வைத்தான் குறிக்கின்றனவா என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். இதைச் செய்யாமல் தெலுங்குத் தாளை வாசித்துக் காட்டிப் பதில் வாங்கிய ஆய்வு மதிப்பீட்டாளரிடம் போகிறது. அவர் சரியாகவே பிடித்துவிடுகிறார். பிடித்து என்ன பயன்? தறிக்காரர்கள் பதில் சொல்லி ஒரு வருடம் ஆயிற்று. மாணவர் மறுபடி நகரிக்குப் போக முடியாது, காசும் இல்லை, காலமும் இல்லை. அந்தக் குறிப்பு களத்துக்குப் போவதற்கு முந்திய மாதம் வந்திருந்தால் அது பாடம். இப்போது வந்தால் தண்டனை. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் தெரிந்த நாலு பேர் பக்கத்து அறையில் இருப்பார்கள், முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். அந்த வசதி இல்லாதவருக்குத்தான் வெளி மதிப்பீட்டாளரின் கண் முன்கூட்டியே வேண்டும். தரம் போதவில்லை என்ற ஆட்சேபம் முன்பதிவுக்கு எதிரான வாதம் இல்லை. எனக்குத் தெரிந்து அதற்கு ஆதரவான முதல் வாதமே அதுதான்.

ஊர்ப் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள், முன்பதிவு அதற்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். 1982இல் பீட்டர்ஸ், சேசி இருவரும் ஒரு குறும்பு செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்தினர் எழுதி ஏற்கெனவே அச்சான பன்னிரண்டு உளவியல் கட்டுரைகளைப் பெயரும் நிறுவனமும் மாற்றி, யாரும் கேள்விப்படாத கற்பனை நிறுவனங்களிலிருந்து வருவதுபோல அதே இதழ்களுக்குத் திரும்ப அனுப்பினார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டை நிராகரித்தார்கள், பலவற்றுக்குக் காரணம் ‘முறையியலில் கடுமையான குறை’. இந்தச் சோதனையில் ஓட்டை உண்டு. ஒரே கட்டுரையை இரண்டு மதிப்பீட்டாளர் இரண்டு விதமாகப் பார்ப்பது எப்போதும் நடப்பது, முகவரிதான் காரணம் என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2022இல் வந்த பெரிய சோதனை அந்தச் சந்தேகத்துக்கு அதிகம் இடம் வைக்கவில்லை. நிதித்துறைக் கட்டுரை ஒன்று. நோபல் பெற்றவரின் பெயரோடு போனபோது மதிப்பீட்டாளர்களில் 23 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள். இளம் ஆய்வாளர் பெயரோடு போனபோது 65 சதவீதம். பெயரே இல்லாமல் போனபோது 48. முன்பதிவு இந்த நோயைக் குணப்படுத்தாது, பெயரை மறைப்பதுதான் அதற்கு மருந்து. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆய்வுக்கு முன்னால் முகவரியால் விழும் அடி ஒரு திட்டத்தின்மேல் விழுகிறது, வேறு இதழுக்கு எடுத்துப் போகலாம். ஆய்வு முடிந்தபின் விழும் அடி மூன்று வருட உழைப்பின்மேல் விழுகிறது.

திட்டத்தை முன்கூட்டிக் காட்டினால் திருடிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. தேதி முத்திரையோடு பதிவாகும் ஆவணத்தைத் திருடுவது, கல்லூரி அலமாரியில் இருக்கும் சினாப்சிஸைத் திருடுவதைவிடக் கடினம். வேண்டுமானால் சில வருடம் பொதுப்பார்வைக்கு வராமல் வைக்கவும் வசதி உண்டு. காசு? நிதியுதவி கிடைத்த ஜே.ஆர்.எஃப். மாணவருக்கே மாதம் 37,000 ரூபாய்தான். வெளிநாட்டுத் திறந்த இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரைக்கு அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். 2025 முதல் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் சுமார் 13,000 இதழ்களை வாசிக்கும் செலவை அரசு கல்வி நிறுவனங்களுக்கு இல்லாமல் செய்திருக்கிறது. ஆனால் வாசிப்பது வேறு, வெளியிடுவது வேறு. இங்கேதான் 2021இல் தொடங்கிய பியர் கம்யூனிட்டி இன் ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு உதவுகிறது. எழுதுபவருக்கும் கட்டணம் இல்லை, வாசிப்பவருக்கும் இல்லை. அது ஒப்புக்கொண்ட கட்டுரையை மறுமதிப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்ளப் பல இதழ்கள் உடன்பட்டிருக்கின்றன.

எல்லா உளவியலும் இந்தச் சட்டத்துக்குள் அடங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மருத்துவமனையில் அபூர்வமாக வந்த நோயாளியைப் பற்றி எழுதுகிறவர் முன்பதிவு செய்ய முடியாது. தெரியாத இடத்துக்குள் நுழைந்து, பேசிப் பார்த்து, என்ன கேட்பது என்றே அங்கே கற்றுக்கொள்ளும் ஆய்வுகளும் வேண்டும். திருமலைக் கம்பார்ட்மென்ட்டில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அதை அப்படியே, தேடல் என்று பெயர் போட்டு எழுதலாம், அதில் அவமானம் இல்லை. தேடியதைச் சோதனை என்று வேஷம் கட்டுவதுதான் கூடாது.

கடைசி ஆட்சேபம் காலம். களத்துக்குப் போகும் முன்பே ஆறு மாதம் மதிப்பீட்டுக்குப் போனால் முனைவர் பட்டம் எப்போது முடியும்? உச்சவரம்பே ஆறு வருடம். ஆனால் அந்த ஆறு மாதம் இப்போதும் போகத்தான் செய்கிறது, முன்னால் போகாமல் பின்னால் போகிறது, அதுவும் இதழ் இதழாக ஏறி இறங்கி. தவிர, ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் நின்று தன் ஆய்வின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று யுஜிசி விதி இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்தக் கூட்டத்துக்கு வெளி மதிப்பீட்டாளரின் இரண்டு பக்கக் குறிப்பு உயிர் கொடுக்கும். கட்டுரை வெளிவந்தால்தான் பட்டம் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டாலும், பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொண்டிருக்கின்றன. வைத்துக்கொள்ளட்டும். அச்சான கட்டுரைக்கு ஈடாக ஒரு நல்ல இதழின் முன்-ஏற்புக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கடிதம் வாங்கிவிட்டு ஆய்வைச் செய்யாமல் விட்டுவிடுவார்களே என்றால், தரவு இல்லாமல் ஆய்வேட்டை எப்படியும் கொடுக்க முடியாது. எந்த இதழை ஏற்பது என்பதை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்று ஆகிவிட்டபின் இதற்கு தில்லியிலிருந்து உத்தரவு எதிர்பார்க்க வேண்டியதில்லை. திருப்பதியில் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் ஒன்று, குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றின் அகாடமிக் கவுன்சில் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடக்கூடிய தீர்மானம் அது.